102 ஜாக்குகளும் ஒரு 'சி'யும்: பழைய ஹார்ப்சிகார்டு ஒன்றைப் பழுதுபார்த்த எட்டு மாதம்

நவம்பர்

லண்டனின் தென்கோடியில் ஒரு வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். "பியானோ மாதிரி ஒரு பழைய பெட்டி, பாதிக் கட்டை பேசாது" என்று விளம்பரம். போய்ப் பார்த்தால் பியானோ இல்லை, ஹார்ப்சிகார்டு. பியானோவுக்கு முன்னோடி, கட்டையை அழுத்தினால் தந்தியைச் சுண்டி ஒலிக்கும் கருவி. வேன் வாடகையோடு 400 பவுண்டு ஆயிற்று. மிகக் கீழ்ஸ்தாயிக் கட்டையை வெளியே உருவிப் பார்த்தேன். அதன் மரத்தில் பென்சிலால் 1974 என்று எழுதியிருந்தது. அந்தக் காலத்தில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஹார்ப்சிகார்டு கிட்டாகக் கிடைத்தது. அறுத்த பலகை, கட்டைகள், கம்பிச் சுருள், வரைபடம் எல்லாம் ஒரே பெட்டியில் வரும். வீட்டு மேசையில் வைத்து நாமே கோத்துக்கொள்ள வேண்டியதுதான். இதைக் கோத்தவர் காலமாகிவிட்டார். அவர் கைவேலை நல்ல வேலை. எந்த மூலையிலும் பசை வழிந்திருக்கவில்லை.

என்னிடம் வந்தபோது இருந்த நிலை இது. 51 கட்டைகள், நாலு ஸ்தாயிக்குச் சற்று மேல். ஒவ்வொரு கட்டைக்கும் ஒரே சுருதியில் இரண்டு தந்திகள். ஆக 102 தந்திகள், அவற்றைச் சுண்ட ஜாக் என்ற மெல்லிய மரச்சட்டங்கள் 102. அவற்றில் 60க்கு மேல் ஊமை. ஒலிப்பலகையில் சாண் நீளத்துக்கும் மேல் ஒரு வெடிப்பு. நடுஸ்தாயித் தந்திகள் துருப்பிடித்திருந்தன.

பெட்டியைக் கூடத்தில் இறக்கியதும் என் மகள் சுற்றிச் சுற்றி வந்தாள். பதினொரு வயது, பியானோ படிக்கிறாள்.

"அப்பா, ஹார்ப்னா யாழ் மாதிரி. கார்டுனா தந்தி. நடுவுல அந்த 'சி' எதுக்கு?"

அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. இரவு உட்கார்ந்து தேடினேன். இத்தாலியர் இதை ஆர்ப்பிகார்டோ என்றார்கள். பிரெஞ்சில் வழக்கொழிந்துபோன பழைய வடிவம் ஆர்ப்கார்டு. இரண்டும் ஹார்ப்பா, கார்டா என்ற இரு சொற்கள் சேர்ந்தவை: யாழ், தந்தி. ஆங்கிலத்துக்கு அது 17ஆம் நூற்றாண்டில் வந்தபோது ஆளுக்கு ஒரு விதமாக எழுதினார்கள். ஹார்ப்சிகான் என்றும் ஹார்ப்சிகல் என்றும்கூட எழுதியிருக்கிறார்கள். அந்த 'சி'யில் இருக்கும் 'ஸ்' ஒலி எப்படி நுழைந்தது என்பதற்குச் சொல்லாராய்ச்சியாளர்கள் காரணம் கண்டதில்லை. அகராதிகளே அதை விளங்காத ஒட்டு என்றுதான் குறிக்கின்றன.

மறுநாள் காலை அவளிடம் சொன்னேன். "அப்போ அது சும்மா வந்துச்சா?" என்று கேட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டாள். எனக்கு வேறொன்று உறுத்தியது. யாழ்த்தந்தி என்கிற இந்தப் பெயரில் கட்டை இல்லை, தந்தியைச் சுண்டும் பொருளும் இல்லை. இந்தக் கருவியை யாழிலிருந்து பிரித்துக் காட்டும் இரண்டுமே பெயரில் இல்லை! மற்ற மொழிகள் என்ன பெயர் வைத்திருக்கின்றன என்று பார்த்தேன். ஒவ்வொன்றும் கருவியின் வேறொரு பாகத்தைப் பிடித்துக்கொண்டு பெயர் வைத்திருந்தது. அதன்பின் எட்டு மாதமும் எந்தப் பாகத்தில் கை வைத்தாலும் அதில் ஒரு பெயர் கிடைத்தது.

முதல் பெயர் மூடியைக் கழற்றியதுமே வந்தது. மேலிருந்து பார்த்தால் பெட்டி, விரித்த சிறகு ஒன்றைப் போல இருக்கும். கட்டைகள் உள்ள பக்கம் அகலம். இடப்பக்கம் நேராக நீண்டுபோகும், வலப்பக்கம் வளைந்து ஒடுங்கும். கீழ்ஸ்தாயிக்கு நீளத் தந்தி, மேல்ஸ்தாயிக்குக் குட்டைத் தந்தி என்பதால் வந்த வடிவம். ஜெர்மன் மொழியில் இதற்கு கீல்ஃப்ளூகல் என்று ஒரு பெயர். கீல் என்றால் இறகின் தண்டு, ஃப்ளூகல் என்றால் சிறகு. இறகு எதற்கு என்பது பின்னால் வருகிறது. இறகே இல்லாத கிராண்ட் பியானோவையும் ஜெர்மானியர் இன்றுவரை ஃப்ளூகல் என்றுதான் சொல்கிறார்கள்.

வெடிப்புக்குக் காரணம் குளிர்கால ஹீட்டர். காற்று காய்ந்ததும் ஸ்ப்ரூஸ் மரப்பலகை குறுக்குவாட்டில் சுருங்கும். விளிம்புகள் ஒட்டியிருப்பதால் விலக இடமில்லாமல் நடுவில் பிளக்கும். என் கூடத்தில் ஈரப்பதம் 32 சதவீதம் காட்டியது. ஈரமூட்டி ஒன்றை வைத்து மூன்று வாரம் 50ஐ ஒட்டி வைத்திருந்தேன். வெடிப்பு பாதி தானாகவே மூடிக்கொண்டது. மிச்சத்துக்கு அதே மரத்தில் ஆப்பு போலச் சீவிய மெல்லிய சிம்பு ஒன்றை வச்சிரம் தடவி இறக்கினேன். நம் ஊர்த் தச்சர்கள் அந்தக் காலத்தில் காய்ச்சிய அதே வச்சிரம்தான். தோலும் எலும்பும் காய்ச்சி எடுத்த பசை. கொதிக்க விடாமல், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 60 டிகிரியில் இளக்க வேண்டும். இதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், ஈரமும் சூடும் கொடுத்தால் வச்சிரம் மறுபடி விட்டுக்கொடுக்கும். ஐம்பது வருடம் கழித்து இதைத் திறக்கப்போகிறவருக்கு அந்த வழி இருக்க வேண்டும். இசைக்கருவியில் எபாக்ஸி என்ற விட்டுக்கொடுக்காத செயற்கைப் பசையை ஊற்றுவதை நான் பாவம் என்றே நினைக்கிறேன்.

டிசம்பர், ஜனவரி

102 தந்திகளையும் கழற்றிவிட்டுப் புதிதாகக் கட்டினேன். உள்ளே ஒட்டியிருந்த அட்டவணைப்படி மேல்பகுதிக்கு இரும்பு, கீழ்பகுதிக்குப் பித்தளை. மேல் உச்சியில் கம்பியின் தடிமன் 0.20 மில்லிமீட்டர், தலைமுடியைப் போல இரண்டு மூன்று மடங்குதான். கீழே 0.56. இடையில் யாரோ ஒருவர் பித்தளை இருக்க வேண்டிய ஏழெட்டு இடங்களில் எஃகுக் கம்பியைப் போட்டிருந்தார். அந்த இடங்களில் ஒலி செத்துக் கிடந்தது. தந்தியின் நீளத்துக்கும் சுருதிக்கும் ஏற்ற உலோகம் அறுந்துவிடும் எல்லைக்குக் கொஞ்சம் கீழே இழுபட்டு நிற்க வேண்டும். அப்போதுதான் நாதம் வரும். எஃகு அதிகம் தாங்கும், அதனால் அதே சுருதியில் அது தளர்ந்து கிடக்கும்.

என் அத்தை வீணை வாசிப்பவர். சின்ன வயதில் அவருக்குத் தந்தி மாற்றக் கூடமாட நின்றிருக்கிறேன். அதனால் இந்தப் பெட்டியைப் பார்க்கும்போது எனக்கு வருவதெல்லாம் அத்தை வீட்டுச் சொற்கள்தான். தந்தி தாங்கும் வளைந்த மரக்கட்டை குதிரை. தந்தியைச் சுற்றி முறுக்கும் ஆணி பிருடை. இங்கே பிருடை இரும்பு, கையால் திருக வராது, சாவி மாதிரி ஒரு திருகி வேண்டும். மறுமுனையில் கம்பியைக் கண்ணிபோல் முறுக்கி ஒரு சிறிய ஊசியில் மாட்ட வேண்டும். அந்தக் கண்ணிதான் வேலையில் பாதி. கம்பியின் இரண்டு இழையும் ஒன்றையொன்று சமமாகச் சுற்றிக்கொள்ள வேண்டும். ஒன்று நேராக நிற்க மற்றது அதைச் சுற்றினால் இழுக்கும்போது வழுக்கும். கைத்துளைப்பானில் கொக்கி மாட்டி முறுக்கப் பழகினேன். பித்தளையை ஓரிடத்தில் மடங்க விட்டால் அந்த இடத்திலேயே அறும். முதல் வாரத்தில் ஒன்பது அறுந்தன.

கார்டா என்ற சொல்லின் வேர் கிரேக்கத்தில் குடலைக் குறிப்பது. ஆட்டுக்குடலை முறுக்கிச் செய்த தந்திக்கு அந்தப் பெயர் வந்தது. இதைப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். நம் பழைய நூல்கள் யாழின் தந்தியை நரம்பு என்றுதான் சொல்லும். சுரத்துக்கே நரம்பு என்று பெயர் உண்டு, இணை நரம்பு, கிளை நரம்பு, பகை நரம்பு என்று. உடம்பிலிருந்து எடுத்த பொருளின் பெயர் தந்திக்கு ஏறி, பொருள் உலோகமாக மாறிய பிறகும் பெயர் அப்படியே நின்றது இங்கேயும் நடந்திருக்கிறது. ஹார்ப்சிகார்டில் வழக்கமாகக் குடல்நரம்பு கட்டுவதில்லை. குடல்நரம்பு கட்டி வீணை இனத்து லூட் போல ஒலிக்கச் செய்த லௌட்டன்வெர்க் என்ற உறவுக்கருவி மட்டும் விதிவிலக்கு. ஜெர்மன் இசையமைப்பாளர் பாஹ் 1750இல் இறந்தபோது எடுத்த சொத்துப் பட்டியலில் அப்படி இரண்டு இருந்தன.

எல்லாத் தந்தியும் ஏறியதும் ஒரு தொல்லை. நடுவில் மூன்று தந்திகள் 'ஜ்ஜ்' என்று இரைந்தன. குதிரைமேல் தந்தியை அணைத்து நிற்கும் ஊசிகள் தளர்ந்திருந்தன. அதைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது அத்தை போன் செய்தார். இரைச்சலைக் கேட்க வைத்தேன்.

"இதை ஏன்டா எடுக்கற? நாங்க தம்புராவுல நூல் வச்சு வரவழைக்கறோம்."

"மூணு தந்தியில மட்டும் வந்தா நல்லா இருக்காது அத்தை. வந்தா எல்லாத்துலயும் வரணும்."

"அப்போ எல்லாத்துக்கும் நூலு போடு."

அத்தை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவர் சொன்னதை 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் செய்திருக்கிறார்கள். அக்காலத்து யாழ்களில் தந்தியின் அடியில் சிறு மரக்கொக்கிகள் இருக்கும். தந்தி அதில் உரசி இரையும். அந்த இரைச்சலை வேண்டுமென்றே வைத்தார்கள். தம்புராவில் தந்திக்கும் குதிரைக்கும் நடுவே வைக்கும் ஜீவாளி நூல் செய்கிற வேலை கிட்டத்தட்ட அதுதான். ஆண்ட்வெர்ப்பில் ருக்கர்ஸ் குடும்பத்தார் செய்த சில வர்ஜினல்களில், அதாவது சின்னப் பெட்டி வகையில், ஒரு சட்டத்தில் உலோகக் கொக்கிகளை வரிசையாக வைத்துத் தந்திகளின்மேல் நகர்த்தி இரையவிடும் ஏற்பாடு உண்டு. அதன் பெயர் ஆர்ப்பிகார்டம். 1619இல் ஜெர்மன் இசையறிஞர் பிரேட்டோரியஸ் இசைக்கருவிகள் பற்றிய தன் நூலில் பித்தளைக் கொக்கியால் யாழ்போல் ஒலிப்பது என்றே அதை விளக்குகிறார். அந்தக் காலத்துக் காதுக்கு யாழொலி என்றால் அதில் இரைச்சலும் சேர்த்தி. இன்றைய கச்சேரி ஹார்ப்பின் வழுவழுத்த ஒலியை மனத்தில் வைத்துக்கொண்டு ஹார்ப்சிகார்டு என்ற பெயரைக் கேட்டால் அதன் பாதிதான் கேட்கும்.

நான் ஊசிகளை இறுக்கி மூன்றையும் அடக்கினேன். இது வர்ஜினல் இல்லையே.

பிப்ரவரி

கட்டைகள். அடியில் விரித்திருந்த கம்பளித்துணியைப் பூச்சி அரித்திருந்தது. துணியை மாற்றி, ஒவ்வொரு கட்டையும் ஊசலாடும் நடு ஊசியைத் துருப்போகத் தேய்த்து, துளையின் பக்கவாட்டில் கொஞ்சம் தளர்வு கொடுத்தேன். இரண்டு வாரத்தில் முடிந்தது, சொல்ல அதிகமில்லை. பெயரைப் பற்றித்தான் சொல்ல இருக்கிறது.

இத்தாலியில் இதன் பொதுப்பெயர் கிளாவிசெம்பலோ, சுருக்கமாகச் செம்பலோ. பிரெஞ்சில் கிளாவ்சான். இரண்டிலும் முன்னால் நிற்கும் 'கிளாவி' லத்தீனில் கிளாவிஸ், அதாவது சாவி. பூட்டுக்குப் போடுகிற அதே சாவி. ஆங்கிலத்தில் கட்டையைக் 'கீ' என்பதும் அதனால்தான். நாம் ஆர்மோனியத்தில் கண்ணுக்குத் தெரிவதைப் பார்த்துக் கட்டை என்று வைத்தோம், நாலு கட்டை, ஐந்து கட்டை என்று சுருதிக்கே அதைப் பெயராக்கினோம். ஆனால் லத்தீனின் கிளாவிஸ் நமக்கு வேறு வழியாக எப்போதோ வந்து சேர்ந்திருக்கிறது. அது போர்ச்சுகீசியத்தில் ஷாவி ஆயிற்று. போர்ச்சுகீசியர் கப்பலில் கொண்டுவந்த சொற்களில் ஒன்றாகத் தமிழில் சாவி ஆயிற்று. கிளாவ்சானின் முதல் பாதியும் என் சட்டைப்பையில் கிடக்கும் வீட்டுச் சாவியும் ஒரே சொல்! இது தெரிந்த அன்று ராத்திரி பத்து மணிக்கு மகளை எழுப்பாமல் இருக்கப் பெரும்பாடு பட்டேன்.

பெயரின் பின்பாதி சிம்பலம். கிரேக்கத்தில் அது கைத்தாளம். இடைக்காலத்தில் அந்தச் சொல் நகர்ந்து, பெட்டியின்மேல் தந்திகளைப் பரப்பிக் குச்சியால் தட்டும் கருவிக்குப் போனது. நமக்குத் தெரிந்ததில் சந்தூரை நினைத்துக்கொள்ளலாம். ஆகவே கிளாவிசெம்பலோ என்றால் சாவி வைத்த சந்தூர். இந்தப் பெயர் எழுத்தில் நமக்குக் கிடைப்பது 1397இல். பாதுவா நகரத்துச் சட்ட அறிஞர் ஒருவர் எழுதிய கடிதத்தில், ஹெர்மன் போல் என்ற மருத்துவர் கிளாவிசெம்பலம் என்ற கருவியைத் தான் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்கிறார் என்று வருகிறது. ஜெர்மனியின் மிண்டன் தேவாலயப் பீடத்தில் 1425இல் செதுக்கிய தேவதை ஒன்றின் கையில்தான் இதன் முதல் உருவம் இருக்கிறது.

மார்ச் முதல் மே வரை

இனி ஜாக். இந்தக் கருவியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நேரம் முழுவதையும் தின்றதும் இதுதான்.

கட்டையின் முன்பக்கத்தை அழுத்தினால் பின்பக்கம் எழும். அதன் நுனியில் செங்குத்தாக நிற்கும் மெல்லிய மரச்சட்டம்தான் ஜாக். அதன் தலையில் ஒரு பிளவு, பிளவுக்குள் ஊசியில் ஆடும் ஒரு சிறு நாக்கு, அந்த நாக்கிலிருந்து மூன்று நாலு மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு முள். ஜாக் எழும்போது முள் தந்தியை அடியிலிருந்து தூக்கி, வளைந்து, விட்டுவிடும். அதுதான் ஒலி. இறங்கும்போது முள் தந்தியின்மேல் மோதும். அப்போது நாக்கு பின்னுக்குச் சாயும், முள் ஓசையில்லாமல் தந்தியைக் கடந்து கீழே போகும், நாக்கின் பின்னால் இருக்கும் பன்றிமயிர் வில் அதை மறுபடி நிமிர்த்தும். கடைசியில் தலையில் இருக்கும் கம்பளித்துண்டு தந்தியில் அமர்ந்து ஒலியை அணைக்கும். கண்ணிமைக்கும் நேரத்தில் இவ்வளவும் நடக்கிறது. பிரெஞ்சுக்காரர் ஜாக்கை சோத்ரோ என்கிறார்கள், இத்தாலியர் சால்தரெல்லோ. இரண்டுக்கும் குதிப்பது என்று பொருள். மூடியைத் திறந்துவைத்து மகளை வாசிக்கச் சொல்லிப் பார்த்தபோது இதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை என்று பட்டது.

என் ஜாக்குகளில் முள் டெல்ரின் என்ற பிளாஸ்டிக். ஐம்பது வருடத்தில் இறுகி, தொட்டால் ஒடிந்தது. 102ஐயும் மாற்றத் தீர்மானித்தேன்.

இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு முதலில் ஒன்று: ஜாக்கை உருவும்போதே எண் இருக்கிறதா பாருங்கள். ஒவ்வொன்றும் தன் துளைக்கென்று இழைத்துப் பொருத்தப்பட்டது, இடம் மாறினால் இறுகும் அல்லது ஆடும். நான் அட்டைப்பெட்டியில் 102 துளை போட்டு வரிசையாக நிறுத்தினேன்.

பழைய முள்ளைக் கூர்மூக்குக் குறடால் பின்னால் தள்ளி எடுத்து, புது டெல்ரின் பட்டையை நாக்கின் பின்புறமிருந்து செருகி, முன்னாலிருந்து இறுக இழுக்க வேண்டும். ஜாக்கை இடத்தில் நிறுத்தி, முள் தந்தியைத் தாண்டி எவ்வளவு நீள்கிறது என்று பூதக்கண்ணாடியில் பார்த்து, தந்திக்கு அப்பால் அரை மில்லிமீட்டர் மட்டும் விட்டு நறுக்க வேண்டும். இங்கேதான் ஒரு மாலை முழுவதும் வீணாயிற்று. ஜாக்குகளை வரிசையாகப் பிடித்து நிற்கும் சட்டம் பக்கவாட்டில் கொஞ்சம் நகரும். அதை நகர்த்தித்தான் ஒரு வரிசைத் தந்திகளைச் சேர்ப்பதும் விலக்குவதும். அதன் நிறுத்தாணி தளர்ந்து, சட்டம் தந்திப் பக்கம் ஒரு மில்லிமீட்டர் கூடுதலாகப் போயிருந்ததை நான் கவனிக்கவில்லை. பதினாலு முள் நறுக்கிய பிறகு ஆணியைச் சரியான இடத்தில் இறுக்கினேன். பதினாலும் தந்தியை எட்டவில்லை. சட்டத்தை உறுதியாக்காமல் கத்தியைத் தொடாதீர்கள்.

அடுத்தது குரல். முள்ளைச் சிறு கடினமரத் துண்டில் கவிழ்த்துவைத்து, அடிப்பக்கத்தை மட்டும் அறுவைக்கத்தியால் சீவ வேண்டும். மேல்பக்கம் தந்தியைத் தொடும் பக்கம், அதில் ஒரு கீறல்கூட விழக்கூடாது. சீவல் வேரில் குறைவாகவும் நுனியில் அதிகமாகவும் இருக்க வேண்டும். தடிமனாக விட்டால் தந்தி 'டக்' என்று அதட்டும், விரலும் உணரும். மெலிந்துவிட்டால் ஒலி முனகும், சில மாதத்தில் முள் ஒடியும். ஒரு சீவு, செருகு, வாசி, கேள். மறுபடி உருவு. பக்கத்துக் கட்டையோடு ஒப்பிடு. முதல் நாள் நாலு முடித்தேன். மே மாதத்தில் ஒரு மாலைக்குப் பன்னிரண்டு வந்தது.

பிறகு தொங்கல். ஒலித்த பிறகு முள் இறங்கும் வழியில் தந்தியிலேயே உட்கார்ந்துகொள்ளும், கட்டை திரும்பாது. காரணம் நாலைந்து இருக்கலாம். நுனி அரை மயிரிழை நீளம், வில் அளவுக்கு மீறிய விறைப்பு, முள்ளின் அடி சொரசொரப்பு, ஈரத்தில் மரம் ஊதி ஜாக் துளையில் பிடிப்பது. நான் எளியதிலிருந்து தொடங்குவேன். ஜாக்கின் பக்கங்களில் பென்சில் கரியைத் தேய்ப்பேன். போகாவிட்டால் வில்லைத் தளர்த்துவேன். கத்தி கடைசியில்தான், ஏனென்றால் நறுக்கியதை ஒட்டவைக்க முடியாது.

ஒரே கட்டையின் இரண்டு தந்தியும் ஒரே நொடியில் சுண்டப்படக் கூடாது என்பது இன்னொன்று. விரலுக்குப் பாரமாகத் தெரியும். ஜாக்கின் உயரத்தைத் திருத்தி ஒன்று ஒரு மயிரிழை முந்தும்படி வைக்க வேண்டும். சரியாக அமைந்தால் விரல் நுனியில் இரண்டு சிறு சொடக்குகள் தெரியும். அந்த உணர்ச்சி பியானோவில் கிடையாது. அது கிடைத்த முதல் கட்டையை நான் இருபது முறையாவது அழுத்தியிருப்பேன்.

ஜூன்

கீல்ஃப்ளூகல் என்ற பெயரில் இருந்த இறகு மனத்தில் உறுத்திக்கொண்டே இருந்தது. டெல்ரின் வருவதற்கு முன் நூற்றாண்டுக் கணக்கில் முள் என்பது பறவை இறகின் தண்டுதான். அண்டங்காக்கை, காக்கை இறகுகளை விரும்பினார்கள். ஜூனில் கனடா வாத்துகள் சிறகுதிர்க்கும் காலம், பூங்காக் குளக்கரை முழுவதும் இறகு. மகளும் நானும் போய் நீளமானவையாக இருபது பொறுக்கினோம்.

தண்டைப் பிளந்து, உள்ளிருக்கும் வெள்ளைச் சோற்றைச் சுரண்டி, பளபளப்பான வெளிப்பக்கம் மேலே வரும்படி செருக வேண்டும். டெல்ரினைவிட இறகு கத்திக்கு இணக்கம், ஒரே திசையில் நாராகச் சீவ வருகிறது. கடைசியில் ஆலிவ் எண்ணெய் ஒரு சொட்டு. மேல்ஸ்தாயியில் நாலு கட்டைகளுக்கு மட்டும் போட்டேன். பக்கத்து டெல்ரினோடு சேர்த்து வாசித்தால் வித்தியாசம் சின்னது, ஆனால் உண்டு: ஒலி தொடங்கும் இடத்தில் ஒரு மென்மை. விரலுக்குத்தான் இன்னும் நன்றாகத் தெரிகிறது.

இந்த முள்ளிலிருந்தும் ஒரு பெயர் பிறந்திருக்கிறது. சிறிய வகை ஹார்ப்சிகார்டுக்கு ஸ்பினெட் என்று பெயர். லத்தீனில் ஸ்பினா என்றால் முள். இல்லை, ஸ்பினெட்டி என்ற வெனிஸ்காரர் செய்ததால் வந்த பெயர் என்று 1608இல் இத்தாலிய இசையமைப்பாளர் பாங்கியேரி எழுதினார். நூற்றுக்கும் மேற்பட்ட முட்களைச் சீவிய என் கை ஸ்பினாவின் பக்கம்தான் சாய்கிறது.

ஜூலை

சுருதி சேர்த்தேன். அட்டவணை சொன்னபடி 'ஏ' சுரம் 415 ஹெர்ட்ஸ், இன்றைய வழக்கைவிட அரைச்சுரம் கீழே. 16, 17ஆம் நூற்றாண்டு வழக்கமான மீன்டோன் என்ற சுருதி முறையில் ஐந்தாம் சுரங்களை, அதாவது ஷட்ஜம்-பஞ்சமம் போன்ற இடைவெளிகளை, ஒவ்வொன்றும் மயிரளவு தாழ்த்தினால், நாலு ஐந்தாம் சுரம் தாண்டி வரும் காந்தாரம் ஷட்ஜத்தோடு சுத்தமாக ஒட்டும். பியானோவின் காந்தாரம் அதைவிட உயர்ந்து நிற்பது, காது பழகிவிட்டதால் நமக்குத் தெரிவதில்லை. ஹார்ப்சிகார்டில் அந்த இரண்டு தந்திகளும் ஒட்டிய நொடியில் அலைவது நின்று பெட்டியே அசையாமல் நின்றது போலிருந்தது. அத்தையின் தம்புராவில் தானாகக் கேட்கும் அந்தர காந்தாரம், இங்கே பிருடையால் திருகி வரவழைத்தது. இதற்குக் கொடுக்கும் விலை, பன்னிரண்டு ஐந்தாம் சுரங்களும் சுற்றி வரும் வட்டத்தின் ஒரு மூலையில் ஊளையிடும் ஓர் ஐந்தாம் சுரம். மகள் வாசிக்கும் பாட்டு அந்தப் பக்கம் போகாதவரை கவலையில்லை.

அவள் உட்கார்ந்து வாசித்தாள். கொஞ்ச நேரத்தில், "அப்பா, அமுக்கி வாசிச்சாலும் சத்தம் கூட மாட்டேங்குது" என்றாள். உண்மைதான். முள் தந்தியை விடுவது ஒரே அளவில்தான், விரலின் வேகம் அதிகம் மாற்றாது. ஃபுளாரன்சில் மெதிச்சி அரண்மனைக் கருவிகளைக் கவனித்த கிறிஸ்டோஃபோரி இதே குறையைத்தான் தீர்க்கப் பார்த்தார். முள்ளுக்குப் பதில் சுத்தியலை வைத்தார். 1700ஆம் ஆண்டு அரண்மனைப் பட்டியலில் அந்தப் புதுக்கருவி, மெதுவாகவும் உரக்கவும் ஒலிக்கும் ஆர்ப்பிசெம்பலோ என்று பதிவாகியிருக்கிறது. யாழும் சந்தூரும் ஒரே சொல்லில். பிறகு அந்த விளக்கத்திலிருந்த மெதுவாக என்ற பாதி, அதாவது பியானோ, தனியே நின்று பெயராகிவிட்டது.

அடுத்த சனிக்கிழமை அவளை தெற்கு கென்சிங்டனுக்குக் கூட்டிப்போனேன். விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் போலோன்யாவின் ஜெரோம் 1521இல் ரோமில் செய்த ஹார்ப்சிகார்டு இருக்கிறது. அங்கிருந்து நடக்கும் தூரத்தில் ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக் அருங்காட்சியகத்தில், 1480ஐ ஒட்டிய ஒரு கிளாவிசிதீரியம், ஹார்ப்சிகார்டைச் செங்குத்தாக நிமிர்த்தியது போல. கட்டையும் தந்தியும் சேர்ந்த கருவிகளில் இன்று மிஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையது. பெயர்ப்பலகையை அவள் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "கிளாவி, சாவி. சிதீரியம் என்னப்பா?" என்றாள். கித்தாரா, கிரேக்க யாழ் என்றேன். "அப்போ இதுல 'சி' சும்மா வரலை" என்றாள்.

வாத்திறகு போட்ட நாலு கட்டைகளைத் தனியாகக் குறித்து வருகிறேன். ஐந்து வாரத்தில் ஒன்று நுனியில் பிளந்தது. சோறு சரியாகச் சுரண்டாத தண்டு அது. மற்ற மூன்றும் நிற்கின்றன. பொறுக்கியதில் பதினாறு இறகு மிச்சம், டப்பாவில் உலர்ந்துகொண்டிருக்கிறது. அடுத்து அதற்குமேல் உள்ள எட்டுக் கட்டைகள்.